கயிறு பிடிக்கிற மச்சான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறையைப் பற்றி ஏதாவது பேசு" என்றுதான் சங்கச் செயலாளர் அண்ணன் என்னை அழைத்தார். என் துறை பம்பும் வால்வும் பிரஷரும். சாப்பாட்டுக்கு முன்னாடி அதைப் பேசினால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். ஆகவே அதே பிரஷரை வேறோர் இடத்திலிருந்து பேசுகிறேன். கடலுக்கு அடியிலிருந்து!

நான் நீச்சல் பழகியது ராஜபாளையத்தில், எங்க தாத்தா தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை, ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே மாமா கையில். "நான் பிடிச்சிருக்கேன், குதிடா" என்பார். குடுக்கையை அவிழ்த்த பிறகும் ரொம்ப நாள் அந்தக் கயிற்றை அவர் விடவில்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தைப் பற்றி நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான் என்பார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் இல்லையா! நாமும் கல்லூரியில் மூச்சுக்கு மூச்சு 'மச்சான், மாப்ள' என்றோம். அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரிந்தது 2019 டிசம்பரில்.

என்னோடு ஒரே பஸ்ஸில் வந்த நண்பன் ஒருவன். நான் ராஜபாளையத்தில் ஏறி ஜன்னல் சீட்டில் நோட்டைப் போட்டு வைப்பேன், அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி உட்காருவான். படித்து முடித்த பிறகு இருவருக்குமே நெதர்லாந்தில் வேலை அமைந்தது. அதற்கு முன்பே, ஒரு விடுமுறையில் அந்தமானில் சில நாள் பயிற்சி எடுத்து ஸ்கூபா சான்றிதழ் வாங்கியிருந்தோம். அந்தமானில் பெரும்பாலும் பயிற்சியாளரோடும் படகோடும்தான் போவார்கள். நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அங்கே நினைத்தபடி இறங்க முடியாது. ஆனால் வழிகாட்டி இல்லாமல், படகு இல்லாமல், கரையிலிருந்து நாமே நடந்து கடலுக்குள் போகலாம் என்றால் அதற்கென்றே பேர் போன ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் போனேர்.

வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கும் சின்னத் தீவு அது. 2010 முதல் நெதர்லாந்தின் தனி நகராட்சி. ஆம்ஸ்டர்டாமில் விமானம் ஏறினால் சுமார் பத்து மணி நேரம். காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பவளப்பாறையும் கரையை ஒட்டியே தொடங்கிவிடும். சாலையோரம் நம்ம ஊர் மைல்கல் மாதிரி மஞ்சள் வர்ணம் அடித்த கற்கள், அதில் இறங்குமிடத்தின் பெயர். ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, பெட்ரோல் பங்க் போல ஓரிடத்தில் நிறுத்தி காற்றடைத்த சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வண்டியைப் பூட்ட மாட்டார்கள், உள்ளே எதையும் வைக்கவும் மாட்டார்கள். திருடன் வந்தால் கண்ணாடியையாவது உடைக்காமல் போகட்டுமே என்ற நல்லெண்ணம்!

'ஆயிரம் படிகள்' என்று ஓர் இடம். எண்ணிப் பார்த்தால் நூறு படி கூட இல்லை. ஆனால் முதுகில் சிலிண்டரோடு திரும்ப ஏறும்போது பேர் வைத்தவன் பொய் சொல்லவில்லை என்று தெரியும். சதுரகிரி ஏறிய கால்கள் என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. 60 மீட்டர் என்றால் எவ்வளவு? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அதில் நிறுத்தினால் கலசம் மட்டும் தண்ணீரைத் தொடும். எங்கள் சான்றிதழுக்கு அனுமதி 18 மீட்டர், அதாவது கோபுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் நாள் விதிகளை விளக்கிவிட்டு, கண் முன்னே ஒரு முறை இறங்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். பவளத்தைத் தொடக் கூடாது, கையுறை போடக் கூடாது. அதன் பிறகு நம்மைப் பார்க்க ஆள் கிடையாது. படகும் இல்லை, மாமாவும் இல்லை. கயிற்றை நாமே திரித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் திரித்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் காற்றுக் கணக்கு. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவனுக்குப் பத்து மீட்டரில் 40 லிட்டர், பதினைந்து மீட்டரில் 50 லிட்டர் செலவு. சிலிண்டர் 11 லிட்டர், அதில் 200 பார் அழுத்தம், ஆக 2,200 லிட்டர். இதை மூன்றாகப் பங்கு போட வேண்டும். ஒன்று போக, ஒன்று திரும்ப, ஒன்று தொடாமல் வைக்க. இருவரில் யார் அதிகம் செலவழிக்கிறாரோ அவர் கணக்குதான் இருவருக்கும். அந்தப் பெருமை எனக்கு! கேஜ் 130 காட்டினால் திரும்ப வேண்டும். பதினைந்து மீட்டரில் அது சுமார் 15 நிமிடம்.

அடுத்து திசை. போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும், வரும்போது அது தள்ளிக்கொண்டு வரும். திரும்பும் வழியில் ஆழம் குறைய வேண்டும். ஏறி முடிக்கும் முன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், இரத்தத்தில் சேர்ந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற. அதே காரணத்துக்காக, பல நாள் இறங்கியவர்கள் விமானம் ஏறும் முன் 18 மணி நேரமாவது தண்ணீரில் இறங்கக் கூடாது. எங்கள் கடைசி நாளைக் கழுதைகளைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கினோம். அங்கே அவை ஏராளம்.

மூன்றாவது, கரையில் ஓர் ஆள். எந்த மஞ்சள் கல், எத்தனை மணிக்கு இறங்குகிறோம், எத்தனை மணிக்குள் போன் செய்வோம் என்று ஒரு தாளில் எழுதி, தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் தினமும் கொடுத்தோம். "நேரம் தாண்டினா யோசிக்காம உதவி கூப்பிடுங்க" என்று சொல்லியிருந்தோம்.

நான்காவதுதான் எனக்குக் கசந்தது. ஒருவன் கட்டைவிரலை மேலே காட்டினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அங்கே அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'கிளம்பு' என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக் கூடாது, கரைக்கு வந்த பிறகு கேலியும் செய்யக் கூடாது.

நான்காம் நாள், தீவின் தென்பகுதி. என் கேஜ் 130 காட்டியது. அதே நேரம் பத்தடி முன்னால் ஒரு ஆமை, நம்ம ஊர்த் தேர் மாதிரி ஆடி அசைந்து போகிறது. நான் நண்பனிடம் ஐந்து விரலைக் காட்டினேன். ஐந்தே நிமிடம். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான். மறுபடியும் ஐந்து விரல். மறுபடியும் கட்டைவிரல். மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டேதான் திரும்பினேன்.

திரும்பினால், தள்ளிக்கொண்டு வர வேண்டிய நீரோட்டம் எதிரே நிற்கிறது! நாங்கள் உள்ளே இருந்தபோதே திசை மாறிவிட்டது. பதினைந்து நிமிட வழிக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கரையேறும்போது என்னிடம் மிச்சம் 40 பார். கணக்குப்படி 65 இருந்திருக்க வேண்டும்.

அன்றிரவு நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். அந்த ஐந்து நிமிடம் போயிருந்தால் அதற்கு 23 பார். அந்தத் தூரத்தை எதிர் நீரோட்டத்தில் திரும்ப நீந்த இன்னொரு 25 பார். ஆக 48. கையில் இருந்ததோ 40. பொறியியல் படித்தவர்கள் நிறைந்த சபை இது, கழித்துப் பாருங்கள்.

"காற்று குறைஞ்சா மேலே வந்துடலாமே?" என்று கேட்பீர்கள். வரலாம். அந்த மூன்று நிமிட நிறுத்தத்தைக் கைவிட்டு வந்திருப்போம். வருகிற இடம் நாங்கள் பார்த்து வைத்த இடமாகவும் இருந்திருக்காது. கத்தி மாதிரிப் பாறையும் அதில் அலையும் அடிக்கிற கரையாக இருந்திருக்கலாம். நான் உயிரோடு வந்தும் இருப்பேன், வராமலும் போயிருப்பேன். அதை எந்த ஃபார்முலாவிலும் போட முடியவில்லை.

காகிதத்தை அவனிடம் காட்டினேன். "நீரோட்டம் மாறினது உனக்குத் தெரிஞ்சுதாடா?" என்றேன். "தெரியாது மச்சான். 130-ன்னா திரும்பணும்னு கரையில பேசினோம், அவ்வளவுதான்" என்றான். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். ஆமையைப் பார்த்ததும் மறந்தவனும் நான். பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எல்லாரும் போனேர் போவீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அய்யனார் கோயில் ஓடைக்குப் போவீர்கள், செண்பகத்தோப்புக்குப் போவீர்கள், பரீட்சை முடிந்த மத்தியானம் ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் குதிப்பீர்கள். மேலே மழை பெய்தால் ஓடையில் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் வரும், எந்தக் கல்லைத் தாண்டினால் திரும்ப வேண்டும், நாம் எங்கே போகிறோம் என்று வீட்டில் யாருக்குத் தெரியும் என்பதையெல்லாம் கரையில் நிற்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். தண்ணீருக்குள் போன பிறகு நம் புத்தி ஆமை பின்னாடி போய்விடும்.

கூட்டத்தில் ஒருத்தன் "வேண்டாம் மச்சான், திரும்பலாம்" என்று சொன்னால் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதீர்கள். உங்கள் கயிறு அப்போது அவன் கையில்தான் இருக்கிறது.

என் நண்பன் இன்று இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. மாப்ள, அன்றைக்குச் சொல்லாத நன்றியை நம் ஆசிரியர்கள் முன்னிலையில் இன்று சொல்லிவிட்டேன். ஆமைக் கோபம் மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி.