வர்ணமும் வாய்மையும்



இன்று நம்மில் அநேகரின் சட்டைப் பையிலே நிழற்படக் கருவியொன்று கைத்தொலைபேசி உருவில் இருக்கின்றது. படம் பிடிக்க நாம் அறிவோம். ஆனால், அதன் வர்ணம் பார்ப்போர் உள்ளத்தில் என்ன செய்கின்றது என்று எண்ணிப் பார்க்கின்றோமா?

பெரகலச் சந்தியை மூடுபனி சூழும் வேளையில் எடுத்த படம் நீலமும் சாம்பலுமாய் மங்கித் தோன்றும். மனத்திலே குளிரும் தனிமையும் படியும். அதே மாலையில் லயத்து அடுப்படியில் எடுத்த படமோ மஞ்சளும் செம்மையுமாய் நம்மை அருகே அழைக்கும். ஆனால் கருவி தானாகவே அந்த மஞ்சளைக் குறைத்து வெண்மையாக்க முயலும். ஒளியமைப்பைப் 'பகல் வெளிச்சம்' என்று நிறுத்தி எடுத்தால், அடுப்பின் வெதுவெதுப்பு படத்திலே தங்கும்.

பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. ஆதலால் கொழுந்து மலையில் ஒரு சிவப்புச் சேலை இருந்தால் கண் முதலில் அங்கேதான் ஓடும். கொழும்பில் 1890இல் ஆரம்பமான பிளாட்டே நிறுவனம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டி அஞ்சலட்டைகளாக விற்றது. அத்தகைய படங்களில் வர்ணத்தைத் தெரிந்தெடுத்தவர் தீட்டியவரே. படத்தில் நின்றவர் அல்லர். இன்றும் உல்லாசப் பயணப் படங்களில் பச்சையும் சிவப்பும் பளபளக்கின்றன. மழையில் நனைந்த படங்கின் சாம்பல் நிறம் அங்கே காணப்படுவதில்லை.

வர்ணம் பொய்யென்று நாம் கூறவில்லை. கறுப்பு வெள்ளையே கலையென்று பலர் எண்ணிய காலத்தில், இந்தியக் கலைஞர் ரகுபீர் சிங் (1942–1999) தெருவையும் ஆற்றையும் மழையையும் வர்ணத்திலேயே படம்பிடித்து உலகை வியக்க வைத்தார். வர்ணம் அவருக்கு வாழ்வின் மேற்பூச்சு அன்று. வாழ்வின் பகுதியாகவே இருந்தது.

நண்பர்களே, 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், இங்கிருந்து வெல்லவாய செல்லும் வழியிலுள்ள கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அன்றைய படங்களில் பச்சை மலையின் நடுவே மண்ணிறக் காயமொன்று தெரிகின்றது. அந்தப் பச்சையை அழகுக்காக ஒருவர் கூட்டினால், காயம் சிறுத்துவிடும் அல்லவா?

ஆகவே படத்தைத் திருத்துமுன் ஒரு கேள்வி கேட்போம்: இந்த வர்ணம் நாம் கண்டதைச் சொல்கின்றதா, அல்லது மறைக்கின்றதா? வெயிலில் கறுத்த நம் தாய்மாரின் முகத்தை வெளுப்பாக்கி அனுப்பும்போது, அவர்களின் உழைப்பையும் சேர்த்தே அழித்துவிடுகின்றோம். அந்த நிறத்தை அப்படியே வைப்போம். நம் பிள்ளைகள் பாட்டியை அவர் இருந்தபடியே காணட்டும்.