பூனையும் எலியும் குழந்தையும்



1940ஆம் ஆண்டில் ஹன்னா, பார்பெரா என்னும் இருவர் படைத்த 'டொம் அன்ட் ஜெரி' கார்ட்டூன், 2014இல் புதுக்கோலம் பூண்டு தொலைக்காட்சிக்கு மீண்டது. பூனை அடிபடுகிறது, தட்டையாகிறது, மறுகணமே எழுந்தோடுகிறது. பெரியோர் இதனை விளையாட்டென நகைப்பர். நான்கு வயதுக் குழந்தையோ, அடித்தால் பிறர்க்கு நோகும் என்பதை இப்பொழுதுதான் கற்று வருகின்றது.

2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்விலே, விரைந்தோடும் பிறிதொரு கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்த நான்கு வயதினர், சித்திரம் வரைந்திருந்தோரினும் கவனமும் பொறுமையும் குன்றிக் காணப்பட்டனர்.

ஆயினும், தடை ஒன்றே மருந்தாகாது. குழந்தையுடன் அமர்ந்து பாருங்கள். "உண்மைப் பூனையாயின் என்னவாகும்?" என வினவுங்கள். "நோகும்" என்று விடை வருமாயின், சிறிது பார்க்கட்டும். வாராதாயின், இன்னும் சில காலம் பொறுத்திருங்கள்.