எழுதிக் கொடுங்கள்



டில்லி மருத்துவமனைகளில் வேலை செய்யும் பெண்கள் ஏராளம். நர்ஸ், ஆயா, துப்புரவுப் பணி என்று பல வேலைகள். இரவு நேரம். அவசரப் பிரிவில் கூட்டம். நோயாளியின் உறவினர் கோபத்தில் கை ஓங்குவார். சில சமயம் கூட வேலை செய்பவனே தவறாக நடப்பான். "வெளியே சொன்னால் வேலை போய்விடுமே" என்று பலர் அழுதுவிட்டு இருந்து விடுகிறார்கள்.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் இருந்தார். 1973 நவம்பர் 27 அன்று, அங்கே வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்தான். பாலியல் கொடுமையும் செய்தான். அருணாவின் மூளை பாதிக்கப்பட்டது. 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அங்குள்ள நர்ஸுகளே அவரைக் கவனித்தார்கள். 2015 மே 18 அன்று இறந்து போனார்.

அவனுக்குக் கிடைத்தது 7 ஆண்டு சிறை. கொலை முயற்சி, கொள்ளை என்று மட்டுமே வழக்கு. பாலியல் கொடுமைக்கு வழக்கே இல்லை. காகிதத்தில் ஏறாத குற்றத்துக்குத் தண்டனையும் இல்லை.

இன்று சட்டம் இருக்கிறது. பணியில் உள்ள டாக்டர், நர்ஸைத் தாக்கினால் சிறை என்று 2008-ல் டில்லியில் தனிச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியில் இருந்த பெண் டாக்டர் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதம் 16-ம் தேதி மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால், 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனைத் தலைவரே போலீசில் புகார் செய்ய வேண்டும்.

தலைவருக்கு யார் சொல்வது? அடி வாங்கியவர் சொல்ல வேண்டும். பார்த்தவரும் சொல்ல வேண்டும்.

புகாரில் என்ன எழுதுவது? நாள், நேரம், இடம். என்ன நடந்தது. யார் செய்தார். யார் பார்த்தார். கீழே கையெழுத்து. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். போலீஸ் பதியும் எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். கேட்டு வாங்குங்கள்.

பாலியல் தொல்லைக்கு 2013-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். காண்டிராக்ட் ஆயாவுக்கும் இந்த உரிமை உண்டு. எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும்.

வரும் முன் காப்பதும் தேவை. இருட்டு வழிக்கு விளக்குக் கேளுங்கள். இரவில் இருவராகப் போங்கள். நோயாளியின் நிலைமையை உறவினருக்கு அவ்வப்போது சொன்னால் பாதிக் கோபம் அடங்கும். உறவினராகப் போகிறவரும் பொறுமை காக்க வேண்டும்.

அதையும் மீறி ஒரு கை ஓங்கினால், அன்றைக்கே எழுதுங்கள். பேனா பிடிக்கக் கற்ற கைக்கு இதுவும் ஒரு வேலை.