நாள்முழுக் காப்பகமா, அரசு முன்பள்ளியா?
(அறக்கட்டளையின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் என்னும் ஊர்ப்பெயர்கள் நாள்தோறும் ஒலிக்கின்றன. மகனோ மகளோ அங்கே பணிபுரிகின்றனர். பேரக்குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும் வேளையில் தொலைபேசியில் ஒரு கேள்வி வருகிறது. "இப்பொழுது போகும் காப்பகத்திலேயே பிள்ளை இருக்கட்டுமா? அல்லது பள்ளியோடு இணைந்த அரசு முன்பள்ளிக்கு மாற்றிவிடலாமா?" நம் பெரியவர்கள் சற்றும் தயங்காமல், "பள்ளிக்கூடந்தான் நல்லது" என்று விடையளிக்கிறார்கள். உடனே அடுத்த கேள்வி வருகிறது. "அப்படியானால், நீங்கள் ஆறு மாதம் இங்கே வந்து இருக்க முடியுமா?"

இவ்விரு கேள்விகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவது தற்செயலன்று. முதல் கேள்விக்கு நாம் தரும் விடைதான் இரண்டாம் கேள்வியைப் பிறப்பிக்கிறது. அது எவ்வாறு என்பதை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் லாங் டே கேர் என்று வழங்கும் நாள்முழுக் காப்பகம், கைக்குழந்தை முதல் பள்ளிப் பருவம் வரையுள்ள பிள்ளைகளை ஏற்கிறது. காலையில் தொடங்கி மாலை 6 மணி வரையிலும், ஆண்டின் பெரும்பாலான வாரங்களிலும் அது திறந்திருக்கும். தனியார், நகராட்சி, ஆதாய நோக்கமற்ற அமைப்புகள் என்று பலரும் அதனை நடத்துகின்றனர். அரசு முன்பள்ளியோ பெரும்பாலும் ஓர் அரசுப் பள்ளியின் வளாகத்திலேயே இயங்குவது. பள்ளி நேரத்திலும் பள்ளிப் பருவங்களிலும் மட்டுமே நடப்பது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாளுக்குள் நான்கு வயது நிரம்பும் பிள்ளைகளே அதில் சேரலாம். பள்ளியில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு அது. ஆகவே, ஒரு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தேர்வே எழுவதில்லை.

இனி, நம்மிடையே வேரூன்றிவிட்ட ஓர் எண்ணத்தைப் பார்ப்போம். காப்பகம் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம், முன்பள்ளி என்றால் படிப்புச் சொல்லித்தரும் இடம் என்பதே அவ்வெண்ணம். ஆஸ்திரேலியாவில் இது உண்மையன்று. 2009இல் வெளியான முன்பருவக் கற்றல் சட்டகம் இரு நிலையங்களுக்கும் பொதுவானது. 2012 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் தர அமைப்பு இரண்டையும் ஏழு கூறுகளில் மதிப்பிடுகிறது. காப்பகமாயினும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் பட்டம் பெற்ற முன்பருவ ஆசிரியர் அங்கே இருந்தாக வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் மூன்று வயதுக்கு மேற்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் என்று பணியாளர் விகிதமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களிலும் நாம் எதிர்பார்க்கும் எழுத்துப் பயிற்சி ஏடு இராது. மணலும் நீரும் வண்ணமும் கதையும் பாட்டுமே அங்குப் பாடம். முன்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றுவிடும் என்று எண்ணிச் சேர்ப்போர் முதல் பருவத்திலேயே ஏமாற்றம் அடைவர்.

அப்படியானால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? மணிக்கணக்குதான். அரசு முன்பள்ளி ஓராண்டில் வழங்குவது 600 மணி நேரம்; அதாவது வாரத்திற்கு 15 மணி வீதம் 40 வாரங்கள். காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையிலான நாட்கள், ஒரு வாரம் இரண்டும் மறுவாரம் மூன்றுமாக அமைவது உண்டு. பெற்றோரின் பணிநாளோ எட்டு மணி. போக்குவரத்தையும் உணவு வேளையையும் சேர்த்தால் பத்து மணியை எட்டும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 50 மணி. ஐம்பதில் பதினைந்து போக எஞ்சிய முப்பத்தைந்து மணி நேரம் பிள்ளை யார் கையில் இருக்கும்?

விடுமுறையையும் கணக்கிடுவோம். ஆண்டின் 52 வாரங்களில் பள்ளிப் பருவங்கள் போக மீதம் ஏறத்தாழ 12 வாரங்கள். முழுநேர ஊழியர் ஒருவருக்குச் சட்டப்படி உரிய ஆண்டு விடுப்பு 4 வாரங்கள். கணவனும் மனைவியும் ஒருநாளும் சேர்ந்து விடுப்பெடுக்காமல் மாறி மாறி எடுத்தாலும் 8 வாரங்களே ஈடாகும். எஞ்சிய நான்கு வாரங்களையும், நாள்தோறும் மூன்று மணிக்குப் பின்னுள்ள பொழுதையும், முன்பள்ளி இல்லாத வாரநாட்களையும் யாரேனும் ஒருவர் சுமக்க வேண்டும். அந்த ஒருவர், வேலையைக் குறைத்துக்கொள்ளும் தாயாக இருப்பார். அல்லது விமானம் ஏறும் பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருப்பார். "பள்ளிக்கூடந்தான் நல்லது" என்று நாம் சொல்லும்போது, யாரோ ஒருவர் தோளில் இந்தச் சுமையை ஏற்றிவிடுகிறோம் என்பதை உணர்வதில்லை.

கற்றலுக்கு நாள் முழுதும் தேவையா என்ற ஐயம் எழலாம். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. முன்பள்ளியில் முழுநாள் இருந்த பிள்ளைகள் அரைநாள் இருந்தோரைவிடக் கூடுதலாக எதையும் பெறவில்லை என்று அது கண்டது. நிலையத்தின் தரம், ஆசிரியரின் தகுதி, வீட்டில் பிள்ளையோடு பேசிப் பாடிக் கதை சொல்லும் வழக்கம் ஆகியவையே வேறுபாட்டை உண்டாக்கின. ஆதலின் ஒன்று தெளிவு. பிள்ளையின் கல்விக்கு வாரம் 15 மணி போதும். அதற்கு மேற்பட்ட மணிகள் பெற்றோரின் பணிக்காகத் தேவைப்படுபவை. அதில் நாணப்பட ஏதுமில்லை. அந்த மணிகளிலும் பிள்ளை நல்ல கைகளில் இருக்க வேண்டும் என்பதே நம் கவலையாதல் வேண்டும்.

செலவு குறித்தும் பேசியாக வேண்டும். அரசு முன்பள்ளி நியூ சவுத் வேல்ஸிலும், தலைநகர் கான்பெராவிலும் கட்டணமற்றது. காப்பகத்திலோ பெருநகரங்களில் ஒரு நாள் கட்டணம் 100 டாலரைத் தாண்டுவது வழக்கம். இதனை ஈடுகட்டவே நடுவணரசின் குழந்தைப் பராமரிப்பு மானியம் உள்ளது. குடும்ப வருமானம் குறைந்தோர்க்கு அது 90 விழுக்காடு வரை கிடைக்கும். வருமானம் ஏற ஏறக் குறையும். 2026 ஜனவரி முதல், தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் இரு வாரங்களுக்கு 72 மணி நேர மானியம் உறுதி செய்யப்பட்டுள்ளது. பெற்றோர் இருவரும் போதிய நேரம் பணிபுரிந்தால் அது 100 மணியாகும். ஆனால், தற்காலிகப் பணி விசாவில் இருப்போர் பலருக்கு இம்மானியம் இல்லை. நிரந்தரக் குடியுரிமை பெற்றோர்க்கு உண்டு. தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருப்பதும் நிபந்தனை. எனவே, ஒரே தெருவில் வாழும் நம் இரு குடும்பங்களுக்கு இரு வேறு விடைகள் சரியாக இருக்கக்கூடும். அண்டை வீட்டார் செய்ததை அப்படியே பின்பற்றுதல் கூடாது.

மாநிலத்திற்கு மாநிலம் வேறுபாடும் உண்டு. விக்டோரியாவில் இதற்குக் கிண்டர் என்று பெயர். 2023 முதல் அங்கே நடைமுறையில் உள்ள இலவசக் கிண்டர் திட்டம், அதில் சேர்ந்துள்ள காப்பகங்களுக்கும் பொருந்தும். காப்பகக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். குயின்ஸ்லாந்திலும் 2024 முதல் இத்தகைய திட்டம் உள்ளது. அதாவது, காப்பகத்தில் இருந்துகொண்டே முன்பள்ளிக் கல்வியைப் பெறலாம். முன்பள்ளிக் கல்வி வேண்டுமென்றால் காப்பகத்தை விட்டே தீர வேண்டும் என்பது இல்லை.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு செய்தி உணவு. முன்பள்ளிக்கு உணவு வீட்டிலிருந்தே செல்லும். ஆதலால் கவலை குறைவு. ஆயினும், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை முன்னிட்டு வேர்க்கடலை கலந்த பண்டங்களைப் பல இடங்களில் தவிர்க்கச் சொல்வர். காப்பகங்கள் பலவற்றில் அங்கேயே சமைத்துப் பரிமாறுவர். உணவு வழங்கும் நிலையம் பிள்ளையின் சமய, பண்பாட்டு உணவு நெறியைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று விதியே உள்ளது. சேர்க்கைப் படிவத்தில் "சைவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை, தேன், கிழங்கு வகை என்று தனித்தனியே எழுதித் தருதல் வேண்டும். பிறந்தநாள் கேக்கில் முட்டை இருப்பதையும் நினைவூட்ட வேண்டும். மேலும், சிட்னியில் ஜூன் மாதத்தில் மாலை 5 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடும். பிள்ளையை 6 மணிக்கு அழைத்து வரும் வீட்டில், பொழுது சாய்வதற்குள் உண்ணும் வழக்கத்தை எவ்வாறு காப்பது? மாலைச் சிற்றுண்டியை நான்கரை மணியளவில் சற்று நிறைவாகத் தர இயலுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். கேட்பவர்க்கே வழி பிறக்கும்.

ஊர் வந்து செல்வதையும் இத்தேர்வு பாதிக்கிறது. அரசு முன்பள்ளியின் நீண்ட கோடை விடுமுறை டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி இறுதி வரை அமைவதால், பொங்கலுக்கு ஊர் வருவோர்க்கு இழப்பில்லை. காப்பகத்தில் பிள்ளை வராத நாட்களுக்கும் பொதுவாகக் கட்டணம் உண்டு. ஒரு நிதியாண்டில் 42 நாட்கள் வரை அத்தகைய நாட்களுக்கும் மானியம் கிடைக்கும் என்பது சிறு ஆறுதல்.

இவ்வளவும் கூறிய பின், என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இருவரும் முழுநேரம் பணிபுரிந்து, உள்ளூரில் உறவினர் இல்லாத குடும்பம், பிள்ளை பழகிய நல்ல காப்பகத்திலேயே அந்த ஓராண்டையும் குற்றவுணர்வின்றிக் கழிக்கலாம். பழகிய ஆசிரியரும் பழகிய தோழரும் நான்கு வயதில் சிறிய செல்வமல்லர். ஒருவர் பகுதிநேரப் பணியிலோ வீட்டிலோ இருக்கும் குடும்பத்திற்கு அரசு முன்பள்ளி பொருத்தமானது, செலவும் மிச்சமாகும். ஆயினும், இடங்கள் குறைவு. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் தொல்குடிப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உண்டு. ஆதலால் முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பித்தல் வேண்டும். இரண்டு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று கலந்து செய்வோரும் உளர். மாற்றத்தை எளிதில் ஏற்கும் பிள்ளைக்கு அது ஒத்துவரும். புதிய முகம் கண்டு ஒடுங்கும் பிள்ளைக்கு ஒத்துவராது.

எதுவாயினும் நேரில் சென்று பாருங்கள். அந்த நிலையம் பெற்றுள்ள தர மதிப்பீடு யாவரும் காணும்படி வெளியிடப்பட்டுள்ளது. முதலில் அதனைப் படியுங்கள். காப்பகங்கள் சிலவற்றின் பாதுகாப்புக் குறைகள் குறித்து 2025இல் எழுந்த செய்திகள் பெற்றோரைக் கலங்கச் செய்தன. அவ்வாண்டே, தரம் தாழ்ந்த நிலையங்களுக்கு மானியத்தை நிறுத்தும் அதிகாரத்தை நடுவணரசு சட்டத்தால் பெற்றது. எனினும், சட்டம் நம் கண்களுக்கு மாற்றாகாது. "இந்த அறையில் உள்ள ஆசிரியர்களுள் எத்தனை பேர் ஓராண்டுக்கு மேல் இங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்தில் பிள்ளை யாரையும் நம்பக் கற்பதில்லை. அழும் பிள்ளையிடம் அவர்கள் எவ்வாறு குனிந்து பேசுகிறார்கள் என்பதைச் சற்று நின்று கவனியுங்கள். சுவரில் ஒட்டிய வண்ணப் படங்களைவிட அது மிகுதியாகச் சொல்லும்.

நிறைவாக, இங்கு அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்க்கு ஒரு சொல். பேரப்பிள்ளையைக் காணச் செல்லுங்கள், மகிழ்ந்து செல்லுங்கள். தமிழில் கதை சொல்லுங்கள். அந்த மொழிச் செல்வத்தை எந்தக் காப்பகமும் எந்த முன்பள்ளியும் தர இயலாது. ஆனால், நீங்கள் சென்றால்தான் அந்த வீடு நடக்கும் என்ற நிலையில் ஏற்பாடு செய்ய விடாதீர்கள். உங்கள் விசா முடியும் நாளும், உங்கள் முழங்கால் வலியும், இங்கு அறுவடைக் காலமும் பிள்ளையின் கால அட்டவணையைக் கலைக்கும்படி இருத்தல் ஆகாது. இளையவர்களே, பெரியவர்களின் வருகை உங்கள் பிள்ளைக்கு விருந்தாக அமையட்டும். வாரத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உரிய பொறுப்பை முதலில் நீங்கள் இருவரும் ஒரு தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். அந்தத் தாளில் வெற்றிடம் இல்லாத ஏற்பாடு எதுவோ, அதுவே உங்கள் பிள்ளைக்கு நல்லது.