அரண்மனைப் பண்ணையில் தொடங்கிய சினை ஊசி



பசு பருவத்துக்கு வந்து கத்துகிறது. வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புகிறார். டாக்டர் வந்து ஒரு கேனைத் திறக்கிறார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வருகிறது. உள்ளேயிருந்து மெல்லிய குச்சி ஒன்றை எடுக்கிறார். பசுவுக்குச் சினை ஊசி போடுகிறார். காளை எங்கே? அது பல நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. சில சமயம் அது செத்துப் போய்ப் பல வருடம்கூட ஆகியிருக்கும். ஆனாலும் கன்று பிறக்கிறது!

இந்த வேலை நம் நாட்டில் எங்கே தொடங்கியது தெரியுமா? மைசூரில்தான். ஆண்டு 1939. அப்போது மைசூர், மகாராஜா ஆண்ட சமஸ்தானம். அங்கே அரண்மனைக்குச் சொந்தமான பால் பண்ணை ஒன்று இருந்தது. சம்பத் குமரன் என்பவர் அங்கே முதன்முதலில் சினை ஊசி முறையைச் செய்து பார்த்தார். ஹள்ளிகார் பசுக்களுக்கு, ஹோல்ஸ்டீன் என்ற சீமைக் காளையின் விந்தைச் செலுத்தினார். ஹள்ளிகார் மாட்டை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். உழவுக்கும் வண்டிக்கும் அது சூரன். பால் மட்டும் குறைவு. சம்பத் குமரன் ஊசி போட்டதில் 33 பசுக்கள் சினை பிடித்தன என்று குறிப்புகள் சொல்கின்றன.

இன்று இது சாதாரணம். அன்று சாதாரணமா? அன்று உறைவிந்து கிடையாது. புகை வரும் கேனும் கிடையாது. எடுத்த விந்து சாவதற்குள் பசுவின் உடலுக்குள் சேர்க்க வேண்டும்.

விந்து சாகுமா? சாகும். விந்து என்பது வெறும் நீர் அல்ல. ஒரு சொட்டில் கோடிக்கணக்கான விந்தணுக்கள் நீந்துகின்றன. கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடி போதாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். பார்த்தால் தலைப்பிரட்டை போல இருக்கும். தலைக்குள் தகப்பனின் குணங்கள் அடங்கியிருக்கின்றன. கழுத்துப் பகுதி எஞ்சின். வால் துடுப்பு. அவ்வளவுதான் அதன் உடம்பு. கட்டுச்சோறு அதிகம் இல்லாமல் நெடும்பயணம் கிளம்பிய ஆள் அது. வழியில் அடிபட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது.

அதனால் வெளியே வந்த விந்தணுவுக்கு எல்லாமே எமன். காய்ந்தால் சாகும். வெயில் பட்டால் சாகும். சோப்பு பட்டால் சாகும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு கலந்தாலும் உப்பி வீணாகும். காளையின் விதைப்பை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது? உடம்புச் சூடுகூட அதற்கு அதிகம்!

சரி, குளிரில் வைத்தால்? திடீரென்று குளிர வைத்தாலும் சாகும். இங்கேதான் கோழி முட்டை உதவிக்கு வந்தது. 1940இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், லார்டி என்ற இருவர், முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து மெல்ல மெல்லக் குளிர வைத்தால் விந்து சில நாள் தாங்கும் என்று காட்டினார்கள். 1949இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் இன்னொன்று கண்டார்கள். கிளிசரின் கலந்தால் விந்தணுவை உறைய வைத்துத் திரும்பவும் உயிர்ப்பிக்கலாம். மருந்துக் கடையில் விற்கிறதே, அதே கிளிசரின்தான்.

கேனில் இருப்பது திரவ நைட்ரஜன். ஐஸை விடப் பல மடங்கு குளிர்ச்சி. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. அதில் மூழ்கிய விந்தணு தூங்குகிறது. பல வருடம் தூங்கும். ஒரு குச்சிக்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து நிலையம் 1969இல் வந்தது.

தூங்குவதை எழுப்புவதிலும் பக்குவம் வேண்டும். குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும். அதாவது உடம்புச் சூடு. பிறகு ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் நுனியை வெட்ட வேண்டும். வெந்நீர் கேட்டால் உடனே கொடுங்கள். டாக்டர் டீ குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்!

நேரமும் முக்கியம். பசுவின் கருமுட்டை சில மணி நேரமே உயிரோடு இருக்கும். உள்ளே போன விந்தணு ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். இரண்டும் சந்திக்க வேண்டும். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாள் தீவனச் செலவு யார் தலையில்? எருமை பல சமயம் கத்தாது. இரவிலும் விடியலிலும் போய்ப் பாருங்கள். கண்ணாடி போல வழும்பு ஒழுகுகிறதா என்று கவனியுங்கள்.

மனிதருக்கும் இதில் செய்தி உண்டு. ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரைகூட இருக்கும். வெளியே காய்ந்ததும் செத்துவிடும். ஆணின் துணியைத் துவைத்ததாலோ, ஒரே குளத்தில் குளித்ததாலோ கர்ப்பம் வராது. இப்படிச் சொல்லி எந்தப் பெண் மீதும் பழி போடக் கூடாது. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்பதும் விந்தணுவைப் பொறுத்ததே. கிடாரிக் கன்றா காளைக் கன்றா என்பதும் அப்படியே. பெண் பெற்றவளைத் திட்டும் மாமியார்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம். அந்தச் சின்னக் குச்சியின் மேல் எழுத்து இருக்கிறது. காளையின் எண், இனம் எல்லாம் அச்சடித்திருக்கும். ஊசி போட்டதும் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். நோட்டில் காளை எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். எண் எதற்கு? அதே காளையின் விந்தை அதன் மகளுக்கே போட்டுவிடக் கூடாது. 21ஆம் நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். அன்று பசு மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். கத்தவில்லை என்றாலும் மூன்றாம் மாதம் டாக்டரிடம் சினை பார்க்கச் சொல்லுங்கள். சினை என்றால், ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாளை எண்ணிக் கன்று பிறக்கும் தேதியையும் எழுதி வையுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்த வேண்டும்.