யாருடைய தொழில்?

(விவசாயத் தொழிலாளர் சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்திய உரை)



நம் டெல்டா ஜில்லாக்களில் “சமூகத் தொழில் நிறுவனங்கள்” எத்தனை உண்டென்று கணக்கெடுக்கப் புறப்படுகிறோம். எதை எண்ணப் போகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டாமா? வைக்கோற்போரையும் நெற்குதிரையும் சேர்த்து எண்ணினால் கணக்குப் பெரிதாகத்தான் இருக்கும். உலையில் போட அரிசி இராது.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வாரியம் 2022-ல் ஓர் இலக்கணம் வகுத்தது. வறுமை ஒழிப்பு, கல்வி, சுகாதாரம் முதலிய பணிகளுக்கு ஒரு பட்டியல். நிறுவனத்தின் வருமானத்திலோ செலவிலோ பயன்பெறுவோர் தொகையிலோ 67 சதவீதம் அந்தப் பணிகளைச் சேர்ந்திருக்க வேண்டும். லாபத்துக்கு நடக்கும் கம்பெனியும் சேரலாம். சரி, நிறுவனம் யாருக்குச் சொந்தம்? உபரியைப் பங்கிடுவது யார்? நிர்வாகியை மாற்றும் உரிமை உழைப்பவனுக்கு உண்டா? இந்த அளவுகோல் அதையெல்லாம் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளிகள் 1844-ல் கடை திறந்தபோதே ஆளுக்கு ஒரு வோட்டு என்று வைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, தோழர் ஏ.கே.கோபாலன் முன்நின்று, 1957 முதல் அந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். அங்கே காபி கொண்டுவந்து வைப்பவரே பங்குதாரர்!

திருபுவனம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955-ல் தோன்றியது. அங்கே போகிறவர்கள் விற்பனைக் கூடத்தில் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். தறிக் குழியில் கால் வைத்திருப்பவரைக் கேளுங்கள்: கடைசியாகப் பொதுக்குழுவுக்கு எப்போது போனீர்கள்?

ஒரு கிராமத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பதிவேட்டில் நாற்று நடும் பெண்கள் பலர் உறுப்பினர். அவர்களில் ஒரு அம்மாளிடம் சங்கத்தைப் பற்றிக் கேட்டேன். “சங்கமா? அது பெரிய வீட்டுத் திண்ணையில இருக்கு, தோழரே” என்றார். அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. மேலிடத்தில் கோபித்துக்கொண்டார்கள், இருக்கட்டும்.

சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன்பின் கீழத்தஞ்சைக்கு வந்து உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981-ல் ‘லாஃப்டி’ ஸ்தாபனத்தை நிறுவினர். நிலச்சொந்தக்காரரிடம் பேசி, விலைக்கு வாங்கி, நிலமற்ற பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். அவர்கள் சர்வோதயக்காரர்கள், பாதை வேறு. தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் கூட்டுறவும் அல்ல. ஆனால் பட்டா அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிறதே! அதைக் குறிக்காமல் வருவது நேர்மையல்ல. தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கணக்கில் ஏறுகிறவனுக்கே கடனும் மானியமும் போகும். வாய்மொழிக் குத்தகைக்காரர் அடங்கலில் பேரில்லாமல் பயிர்க்கடனுக்கு அலைவதைப் பார்க்கிறோம். ஆகவே நடவு முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பிறகு, மாலையில் போங்கள். படிவங்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு கட்டு.