மணமக்களுக்குப் பின்னால் தெரியும் தோட்டம்

(குடும்ப தின ஒன்றுகூடலில் கிள்ளானைச் சேர்ந்த நிழற்படக்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. மேடையில் இருப்பவர்களைக் கீழே நின்று படம் எடுத்துத்தான் பழக்கம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, சில நேரம் சாவு வீடு. 30 ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. இதோடு இன்னொரு வேலையும் செய்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது. அது எப்படி வந்தது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

1988 இல் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். அப்போது பிலிம் காலம். ஒரு சுருளில் 36 படம். அந்தக் குடும்பத்துக்கு 2 சுருள்தான் கட்டுப்படியாகும். பெண்ணின் தகப்பனார் பால்மரம் வெட்டுபவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பின்னால லயம் தெரியாம எடுங்க" என்றார். எனக்குப் புரிந்தது. நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். முடிந்தவரை மறைத்து எடுத்தேன். ஆனாலும் சில படங்களில் எல்லாம் விழுந்துவிட்டது. தகரக் கூரை, பொதுத் தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, திண்ணையில் கவிழ்த்து வைத்த பால் வாளி, கோயில் முகப்பில் சுண்ணாம்பில் எழுதிய ஆண்டு.

பிறகு அந்தத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்தை இடித்தார்கள். மக்கள் நாலா பக்கமும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோயில் மட்டும் நின்றது.

2006 இல் அந்தப் பெண்ணின் தம்பி என் கடைக்கு வந்தார். "அண்ணே, அக்கா கல்யாணப் பட நெகட்டிவ் இருக்கா? ஆல்பம் வெள்ளத்துல போச்சு" என்றார். விஷயம் கல்யாணம் அல்ல. நிலம் விற்கப்பட்ட பிறகுதான் அந்தக் கோயில் கட்டப்பட்டது என்று மேம்பாட்டாளர் தரப்பில் சொல்கிறார்களாம். இவர்கள் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டு நாள் தேடி எடுத்துக் கொடுத்தேன். மணமக்கள் மாலையோடு நிற்கிறார்கள், பின்னால் கோயில் நிற்கிறது!

அந்த ஒரு படத்தால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோயில் இருந்த இடம் கிடைக்கவில்லை. வேறு இடத்தில் சிறிய நிலம்தான் கொடுத்தார்கள். ஆனால் "அப்படி ஒரு கோயிலே இருந்ததில்லை" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

செய்தி பரவி, அடுத்த மாதம் வேறு தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். அந்தத் தோட்டத்திலும் நான் பல கல்யாணங்கள் எடுத்திருக்கிறேன். தேடினேன், இல்லை. 2004 இல் டிஜிட்டலுக்கு மாறியபோது, கடையில் இடம் போதவில்லை என்று 3 பெட்டி நெகட்டிவ்களை நானே குப்பையில் போட்டுவிட்டேன். பாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். "பரவால்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் சொந்த வேலை அப்படித்தான் தொடங்கியது. கல்யாணம் இல்லாத நாட்களில், மிச்சமிருக்கும் பழைய படங்களை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களைத் தேடிப் போகிறேன். அவர்கள் இப்போது இருக்கும் வீட்டு வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுக்கிறேன். யார், எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். படத்தின் பிரதி ஒன்றை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

இந்த வழியில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் கோர்டன் பார்க்ஸ். 1912 இல் கன்சாஸ் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் 15 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். ரயிலில் உணவு பரிமாறும் வேலை செய்தபோது, இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் படங்களை ஒரு பத்திரிகையில் பார்த்தார். அடகுக் கடையில் ஒரு கேமரா வாங்கினார். 1942 இல் வாஷிங்டனில் அரசாங்க வேலையில் இருந்தபோது, அதே கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்மணியைத் தேசியக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு நிற்க வைத்து எடுத்தார். அதோடு விடவில்லை. அவருடைய வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய் அவர் வாழ்க்கையையே எடுத்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு நாகரிக உடைப் படங்களும் நடிகர் நடிகையர் படங்களும் எடுத்தவர்தான் அவர். இரண்டையும் அவர் ஒருவரே செய்தார். 'லைஃப்' பத்திரிகைக்காக 1956 இல் அலபாமா மாநிலத்துக்குப் போய், நிறவெறிச் சட்டங்களுக்கு நடுவே வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் பெரும்பகுதி தொலைந்துவிட்டதாக நினைத்தார்கள். அவர் 2006 இல் காலமானார். 2012 இல் ஒரு பெட்டியின் அடியில், தாளில் சுற்றி, மேலே பெயர் எழுதிய நிலையில் அவை கிடைத்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் குப்பையில் போட்ட 3 பெட்டிகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அவர் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த அலபாமா படங்கள் பத்திரிகையில் வந்த பிறகு, அதில் இருந்த ஓர் ஆசிரியைக்கு வேலை போனது. குடும்பமே ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. படம் எடுத்தவனுக்குப் பேர், படத்தில் இருப்பவருக்குச் சோதனை! அதனால் "வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நான் கேமராவைப் பையில் வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்பதில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நம் நாட்டின் 1987 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சேரும். உங்கள் கல்யாணப் படம் உங்களுடையது. அதனால்தான் நான் யார் படத்தையும் அனுமதி கேட்காமல் வெளியில் காட்டுவதில்லை.

தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் நீங்கள் செய்ய வேண்டியவை சில. பீரோவில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுங்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பமாக இருந்தால், அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள், கிழிந்துவிடும். அந்தப் பக்கத்தை அப்படியே கைப்பேசியில் படம் பிடியுங்கள். கழற்ற முடிந்த படங்களின் பின்னால் பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். நம் ஊர் ஈரத்தில் நெகட்டிவ்களில் பூஞ்சை பிடிக்கும், அவற்றைக் காய்ந்த இடத்தில் மூடி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்கள் போன பிறகு அதைச் சொல்ல ஆள் கிடையாது.

லயத்தை மறைக்கச் சொன்ன அந்தத் தகப்பனார் இப்போது இல்லை. அவர் மகள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. லயம் தெரிகிற படம்தான். அதைத் தேர்ந்தெடுத்தது அவருடைய பேரப் பிள்ளைகள்.